இமயத்துத் தோட்டத்து மக்கள்: டார்ஜிலிங் மலை நகரின் வரலாறு

இமயம் என்றதும் நம்மவர்க்கு முதலில் நினைவில் எழுவது கயிலை. அடுத்தது, கண்ணகிக்குச் சிலை வடிக்கச் சேரன் செங்குட்டுவன் கல்லெடுத்து வந்த கதை. இதைப் பள்ளியில் படிக்காத மாணவர் இரார். பெரியவர்கள் சிலருக்குத் தேயிலைப் பொட்டலத்தின் மேல் அச்சடித்திருக்கும் 'டார்ஜிலிங்' என்ற பெயரும் நினைவுக்கு வரலாம். அந்தப் பொட்டலத்து ஊரைப் பற்றித்தான் இங்கே எழுத விழைகிறேன். பனிமலை, புத்த மடம், குட்டி ரயில் என்று அங்கே பார்ப்பதற்கு நிறைய உண்டு. ஆனால் அந்த ஊரைக் கட்டி எழுப்பியவர்கள் யார் என்று விசாரித்துப் பார்த்தால், நம் தோட்டத்துக் கதையையே வேறு மொழியில் கேட்பது போல இருக்கிறது.

டார்ஜிலிங் இந்தியாவின் மேற்கு வங்காள மாநிலத்தின் வடகோடியில் உள்ளது. ஒரு பக்கம் நேப்பாளம், மறுபக்கம் சிக்கிம். பள்ளி விடுமுறையில் அங்கே சென்று வரும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. கல்கத்தாவிலிருந்து ரயிலில் சிலிகுரி பக்கம் வந்து, அங்கிருந்து மலை ஏற வேண்டும். ஊரின் உயரம் ஏறத்தாழ 6,700 அடி. நம் கெந்திங் மலை 6,000 அடி என்பதை நினைத்துக் கொள்ளுங்கள். கோல சிலாங்கூர் மலாவத்தி மலையை, குரங்குகளுக்குக் கடலை வாங்கிப் போட்டுக் கொண்டே நாம் ஏறி இறங்கும் அந்த மலையை, டார்ஜிலிங்காரர் பார்த்தால் மேடு என்றுகூடச் சொல்லமாட்டார்.

விடியுமுன் 'டைகர் ஹில்' என்னும் குன்றின்மேல் போய் நிற்பது அங்கே வழக்கம். நாலு மணிக்கு எழுந்து பெரட்டுக்குப் போன குடும்பங்களில் பிறந்தவர்களுக்கு அது ஒன்றும் பெரிய காரியமில்லை. குளிர்தான் எலும்பைத் தொடுகிறது. கிழக்கு வெளுக்கும்போது கஞ்சன்ஜங்கா சிகரம் முதலில் சிவந்து, பிறகு பொன்னிறமாகி, கடைசியில் வெள்ளி போல நிற்கிறது. உயரம் 8,586 மீட்டர். உலகிலேயே மூன்றாவது பெரிய சிகரம். பெயருக்குப் பனியின் ஐந்து கருவூலங்கள் என்று பொருள் சொல்கிறார்கள். சிக்கிம் மக்களுக்கு அது தெய்வம். 1955ஆம் ஆண்டு மே மாதம் அதை முதன்முதலில் ஏறிய ஆங்கிலேயர் இருவரும், மக்களின் நம்பிக்கையை மதித்து, உச்சியை மிதிக்காமல் சில அடி கீழேயே நின்று திரும்பினர். தோட்டங்களுக்கு வந்த துரைமாரும் அப்படிச் சற்றுத் தள்ளி நின்றிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்!

ஊருக்குச் சற்று முன்னால் கூம் என்ற இடம். அங்குள்ள புத்த மடம் 1850இல் ஷேரப் கியாட்ஸோ என்னும் மங்கோலிய லாமா நிறுவியது. உள்ளே 15 அடி உயரத்தில் மைத்ரேயர், அதாவது இனி வரப்போகும் புத்தர், நாற்காலியில் அமர்வது போலக் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருக்கிறார். முன்னால் வரிசையாக நெய் விளக்குகள். டார்ஜிலிங் என்ற பெயரே ஒரு மடத்திலிருந்து வந்ததுதான். 'டோர்ஜே' என்றால் திபெத்திய மொழியில் வஜ்ராயுதம். 'லிங்' என்றால் இடம். அந்தப் பழைய மடம் இருந்த குன்றில் இன்று மகாகாலர் கோவில் உள்ளது. அங்கே ஒரே சந்நிதியில் இந்துப் பூசாரியும் புத்த லாமாவும் அவரவர் முறையில் வழிபாடு நடத்துகிறார்கள். இதைக் கண்டு நாம் வியக்க வேண்டியதில்லை. மணிமேகலை பிறந்த மொழி நம்முடையது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், முதலாம் இராசராசன் காலத்தில், நாகப்பட்டினத்தில் புத்த விகாரம் எழுப்பியவன் கடாரத்து அரசன். கடாரம் என்பது நம் நாட்டுக் கெடாதான். சோழன் அதற்கு ஒரு கிராமத்தையே மானியமாகக் கொடுத்தான்.

இனி ஊரின் வரலாற்றுக்கு வருவோம். அந்த மலையில் முதலில் வாழ்ந்தவர்கள் லெப்சா என்னும் பழங்குடியினர். நிலம் சிக்கிம் அரசருக்கு உரியதாக இருந்தது. வெயில் தாங்காத ஆங்கிலேயர் உடம்பைத் தேற்றிக்கொள்ள ஓர் இடம் தேடினார்கள். 1835 பிப்ரவரி முதல் தேதி, சிக்கிம் அரசரிடமிருந்து மலையை எழுதி வாங்கினார்கள். 1839இல் டாக்டர் கேம்பல் என்பவர் நிர்வாகத்துக்கு வந்தபோது மக்கள் தொகை சுமார் நூறு. பத்தே ஆண்டுகளில் பத்தாயிரம் ஆகிவிட்டது! பெரும்பாலும் கிழக்கு நேப்பாளத்திலிருந்து வந்தவர்கள்.

கேம்பல் 1841இல் தம் வீட்டுத் தோட்டத்தில் தேயிலை விதை ஊன்றிப் பார்த்தார், முளைத்தது. 1856இல் வியாபாரத்துக்கான தோட்டங்கள் எழுந்தன. 1874இல் 113 தோட்டங்கள். அவ்வளவு தோட்டங்களுக்கு ஆள் எங்கிருந்து வந்தது? இங்கேதான் நம் பாட்டன்மார் கதை வருகிறது.

நமக்குக் கங்காணி, அவர்களுக்குச் சர்தார். தோட்டத்தில் நம்பிக்கையான ஓர் ஆளைப் பிடித்து, கையில் பணத்தைக் கொடுத்து, சொந்த ஊருக்கு அனுப்புவார்கள். அவர் உறவினரையும் ஊராரையும் நல்ல வார்த்தை சொல்லி, முன்பணம் கொடுத்து, கூட்டமாக அழைத்து வருவார். தம் ஆட்கள் வேலைக்கு வந்த நாளைக் கணக்கிட்டு அவருக்குக் கமிஷன். இதை இங்கே 'தலைக்காசு' என்றார்கள். நம்மவர் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பல் ஏறினார்கள். அவர்கள் மலைப்பாதையில் மூட்டை முடிச்சோடு நடந்தார்கள். ராய், லிம்பு, தாமாங் என்று வெவ்வேறு இனத்தார், வெவ்வேறு பேச்சுடையவர்கள், லயத்தில் ஒன்றாகக் குடியிருந்து நேப்பாளி மொழியைப் பொதுமொழி ஆக்கிக் கொண்டார்கள். 1992இல் அம்மொழி இந்திய அரசியல் சட்டத்தின் எட்டாம் அட்டவணையில் இடம் பெற்றது. இன்று நம் வட்டாரத்துத் தொழிற்சாலை வாசல்களில் காவலுக்கு நிற்கும் நேப்பாளத் தம்பிகளின் மொழி அதுவே.

டார்ஜிலிங்குக்கும் நம் ரப்பர் மரத்துக்கும் இன்னொரு தொடர்பு உண்டு. இதைப் படித்தபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்து விட்டேன். ஜோசப் ஹூக்கர் என்னும் தாவர அறிஞர் 1848இல் டார்ஜிலிங் வந்து, இமயத்துச் செடிகொடிகளைத் திரட்டினார். மறு ஆண்டு அவரும் கேம்பலும் சிக்கிமுக்குள் சுற்றியபோது, சிக்கிம் அரசின் ஆட்கள் இருவரையும் பிடித்துச் சிறை வைத்தார்கள். சில வாரங்களில் விடுதலை செய்தாலும், அதையே சாக்காக வைத்து 1850இல் ஆங்கிலேயர் மலையடிவாரச் சமவெளியையும் சிக்கிமிடமிருந்து பறித்துக் கொண்டனர். அந்த ஹூக்கர்தான் பிறகு லண்டன் கியூ தாவரத் தோட்டத்தின் தலைவரானார். அவர் தலைவராக இருந்தபோதுதான், 1876இல், பிரேசிலிலிருந்து எழுபதாயிரம் ரப்பர் விதைகள் அங்கே வந்து சேர்ந்தன. முளைத்த கன்றுகளில் 22, 1877இல் சிங்கப்பூர் வந்தன. கோல கங்சாரில் நட்டவை அவற்றில் சில. ஜெரமிலும் புக்கிட் ரோத்தானிலும் பத்தாங் பெர்ஜுந்தையிலும் நம் பாட்டிமார் இருட்டோடு எழுந்து பால் வெட்டிய மரங்களின் வமிசம் அவ்வழி வந்தது. (பத்தாங் பெர்ஜுந்தைக்கு 2007 முதல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர், எங்கள் வாயில் பழைய பெயர்தான் வருகிறது.)

குட்டி ரயிலைச் சொல்லாமல் விட்டால் மாணவர்கள் கோபிப்பார்கள். 1879இல் தொடங்கி 1881இல் டார்ஜிலிங் வரை போட்டு முடித்த பாதை அது. தண்டவாளத்தின் அகலம் இரண்டே அடி. செங்குத்தான இடத்தில் ரயில் முன்னே போய், பின்னே வந்து, மறுபடி முன்னே போய், படி ஏறுவது போல ஏறும். கடை வாசலை உரசிக்கொண்டு போகும். எட்டிக் கை நீட்டினால் கடையிலுள்ள வாழைப்பழத்தைத் தொட்டுவிடலாம். கூம் நிலையம் 7,407 அடி. இந்தியாவிலேயே உயரமான ரயில் நிலையம். 1999இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சொத்தாக அறிவித்தது. நம் மூதாதையர் நாட்டு ஊட்டி ரயிலுக்கு அந்தப் பெருமை 2005இல் கிட்டியது.

ஆசிரியன் என்ற முறையில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு தலைமையாசிரியரின் கதை. 1874இல் டார்ஜிலிங்கில் பூட்டியா விடுதிப் பள்ளி தொடங்கினார்கள். தலைமையாசிரியராக வந்தவர் சரத் சந்திர தாஸ் என்னும் வங்காள இளைஞர். மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க வந்தவர், தாமே மாணவராகித் திபெத்திய மொழியைக் கற்றார். அப்போது திபெத்துக்குள் அயலார் நுழைய முடியாது. 1879இலும் 1881இலும், அதே பள்ளியில் பணியாற்றிய உக்யென் கியாட்ஸோ என்ற லாமாவுடன் பனிக் கணவாய்களைக் கடந்து திபெத்துக்குள் போனார். இரண்டாம் முறை லாசா நகரையே பார்த்துவிட்டார். 1902இல் அவர் தொகுத்த திபெத்திய அகராதி வெளிவந்தது. ஆனால் உண்மையையும் சொல்ல வேண்டும்: ஆங்கில அரசுக்காக வேவு பார்ப்பதும் அந்தப் பயணத்தின் நோக்கம். அவருக்கு இடம் கொடுத்து உதவிய செங்சென் லாமாவைத் திபெத்திய அரசு பின்னர் மரண தண்டனைக்கு உள்ளாக்கியது. அகராதிக்குப் புகழ் ஒருவருக்கு. விலை கொடுத்தவர் வேறொருவர். அவரையும் சேர்த்து நினைப்பதே நியாயம்.

டென்சிங் நோர்கேயும் இந்த ஊர்க்காரரே. இளமையில் பிழைப்புத் தேடி டார்ஜிலிங் வந்து, மலையேறிகளுக்குச் சுமை தூக்கினார். 1953 மே 29ஆம் நாள் ஹில்லாரியுடன் எவரெஸ்டின் உச்சியில் நின்றார். மறு ஆண்டு டார்ஜிலிங்கில் மலையேற்றப் பயிற்சிக் கழகம் தொடங்கியபோது, சுமை தூக்கியவரே பயிற்சித் தலைவரானார். நம் நாட்டிலிருந்து முதன்முதலில் எவரெஸ்ட் ஏறியவர்கள் எம். மகேந்திரனும் என். மோகனதாஸும் என்பதை மாணவச் செல்வங்கள் அறிவீர்கள்தானே? 1997 மே 23ஆம் நாள். இருவருமே நம் இனத்துப் பிள்ளைகள்.

சுற்றுலா வருவோர் பலர் இத்தோடு படம் பிடித்துக் கொண்டு திரும்பி விடுகிறார்கள். பாட்டாளி மக்கள் கேட்க வேண்டியது இன்னும் இருக்கிறது.

டார்ஜிலிங் அருகே 'மார்கரெட்ஸ் ஹோப்' என்று ஒரு தோட்டம். துரையின் மகள் மார்கரெட் திரும்பி வர ஆசைப்பட்டு, வராமலே இறந்தாள், அவள் நினைவாக வைத்த பெயர் என்பது சொல்லிவரும் கதை. மகளின் ஆசை பெயராகி விட்டது. தொழிலாளரின் ஆசை? கூலி உயர்வு, பிரசவச் சலுகை, 'ஹட்டாபஹார்' ஒழிப்பு என்று அவர்கள் கேட்டார்கள். ஹட்டாபஹார் என்றால், நிர்வாகத்துக்குப் பிடிக்காத ஆளைக் குடும்பத்தோடு தோட்டத்தை விட்டே விரட்டுவது. 1955 ஜூன் 25 அன்று ஊர்வலம் வந்தவர்கள் மேல் போலீஸ் சுட்டது. ஆறு பேர் மாண்டனர். ஒருவர் கர்ப்பிணிப் பெண்.

நம் சிலாங்கூரிலும் 1941இல் கிள்ளான் வட்டாரத்தில் தொடங்கித் தோட்டம் தோட்டமாகப் பரவிய வேலைநிறுத்தத்தை வயதானவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். கூலி மட்டும் அல்ல, துரையையும் கிராணியையும் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்கும் வழக்கத்தையும் நிறுத்தச் சொன்னார்கள். தலைவர் ஆர்.எச். நாதனை நாடு கடத்தினார்கள். பட்டாளம் வந்தது, துப்பாக்கி வெடித்தது, உயிர்கள் போயின. இரண்டு மலைகள், இரண்டு பயிர்கள். கேட்டது மட்டும் ஏறத்தாழ ஒன்றே.

2014இல் மக்காய்பாரி என்ற டார்ஜிலிங் தோட்டத்தின் தேயிலை கிலோ 1,850 அமெரிக்க டாலருக்கு விலை போனது. 2023இல் அங்கே கொழுந்து பறிக்கும் பெண்ணின் நாள் கூலி 250 ரூபாய், அதாவது நம் பணத்தில் சுமார் 14 வெள்ளி.

வீட்டு விஷயம் இன்னும் நமக்குத் தெரிந்தது. 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டப்படி அங்கே முதலாளி வீடு கொடுக்க வேண்டியிருந்தது. கேட்க நல்லதாகத்தான் இருக்கிறது. ஆனால் வீடு வேலையோடு ஒட்டியது. குடும்பத்தில் ஒருவராவது தோட்டத்தில் பேர் பதிந்திருந்தால்தான் கூரை நிலைக்கும். அதனால் மகள் படித்திருந்தாலும் அம்மாவின் கூடையை வாங்கி முதுகில் மாட்டிக்கொள்ள வேண்டி வருகிறது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோதும், தோட்டம் கைமாறியபோதும், லயத்தைக் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்த வீடுகள் நம்மிடையே இல்லையா? நான் அங்கே ஒரு தோட்டத்துப் பாதையில் சந்தித்த அம்மாள் என்னிடம் கேட்டது, "உங்க ஊர்ல வீடு யார் பேர்ல இருக்கு, மாஸ்டர்?" என்பதுதான். எத்தனை படி சம்பளம் என்றுகூட அவர் கேட்கவில்லை.

2023இல் மேற்கு வங்க அரசு தோட்டக் குடும்பங்களுக்கு ஐந்து டெசிமல், அதாவது ஏறத்தாழ 2,180 சதுர அடி, நிலத்துக்குப் பட்டா தருவதாக அறிவித்தது. டார்ஜிலிங் மக்களில் பலர் அதை ஏற்கவில்லை. ஐந்து தலைமுறையாக வீட்டைச் சுற்றி ஏலக்காயும் சோளமும் போட்டு, மாடு கட்டி, பெரியவர்களைப் புதைத்து வாழும் நிலம் முழுவதுக்குமே பட்டா வேண்டும் என்று கேட்கிறார்கள்.