பூட்டுத் தகடு (முன்கை எலும்புமுறிவு)

பூட்டுத் தகடு என்பது முறிந்த எலும்புத் துண்டுகளை இயல்பான நிலையில் நிறுத்தி வைப்பதற்காக அறுவை மருத்துவத்தின் மூலம் உடலினுள் பொருத்தப்படும் உலோகத் தகடு ஆகும். இதன் துளைகளிலும் திருகுகளின் தலையிலும் மரை வெட்டப்பட்டிருக்கும். மருத்துவமனைகளில் இது லாக்கிங் பிளேட் எனப்படுகிறது. துருவேறா எஃகு அல்லது தைட்டானியத்தால் செய்யப்படுகிறது.

முன்கையின் அமைப்பு

முன்கையில் ஆரை எலும்பு, அரந்தி எலும்பு என இரு எலும்புகள் உள்ளன. அரந்தியைச் சுற்றி ஆரை எலும்பு சுழல்வதாலேயே உள்ளங்கையை மேலும் கீழுமாகத் திருப்ப முடிகிறது. ஆரை எலும்பின் இயல்பான வளைவு மாறிக் கூடினால் இவ்வசைவு குறைந்துவிடும். உணவை அள்ளி உண்பதும் கடினமாகலாம். எனவே வளர்ந்தவர்களுக்கு இரு எலும்புகளும் முறிந்து விலகியிருந்தால், மாவுக்கட்டு மட்டும் பொதுவாகப் போதாது. சிறுவர்களுக்குப் பெரும்பாலும் மாவுக்கட்டே போதுமானது.

செயற்படும் முறை

வழமையான தகட்டில் திருகு தகட்டை எலும்போடு அழுத்துகிறது. அந்த உராய்வே பிடிமானத்தைத் தருகிறது. எலும்பு மென்மையாக இருந்தால் திருகு தளர்ந்துவிடும். பூட்டுத் தகட்டில் திருகின் தலை தகட்டின் மரையில் பூட்டிக்கொள்வதால், திருகும் தகடும் ஒரே சட்டகமாகச் செயற்படுகின்றன. தகடு எலும்பை இறுக அழுத்தத் தேவையில்லை என்பதால் எலும்புறையின் குருதியோட்டம் கூடுதலாகப் பாதுகாக்கப்படுகிறது. ஆனால் பூட்டுத் திருகு விலகிய துண்டுகளை நெருக்காது. துண்டுகளைச் சரியாகப் பொருத்திய பின்னரே பூட்ட வேண்டும்; இல்லையெனில் இடைவெளியும் அப்படியே பூட்டப்பட்டுவிடும்.

வரலாறு

1886 இல் செருமனியின் கார்ல் ஹான்ஸ்மன் எலும்புமுறிவுக்குத் தகடு பொருத்தும் முறையை வெளியிட்டார். 1958 இல் சுவிட்சர்லாந்தில் மாரிசு முல்லர் உள்ளிட்ட மருத்துவர்கள் தொடங்கிய ஏ.ஓ. குழு இத்துறையை ஒழுங்குபடுத்தியது. 1975 இல் ஆண்டர்சன் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், வழமையான அழுத்தத் தகடு பொருத்தப்பட்ட ஆரை எலும்பு முறிவுகளில் 97.9 விழுக்காடும் அரந்தி முறிவுகளில் 96.3 விழுக்காடும் கூடின. அழுத்தத் திருகு, பூட்டுத் திருகு இரண்டையும் ஏற்கும் இணைத்துளைத் தகடு 2000களின் தொடக்கத்தில் பயன்பாட்டுக்கு வந்தது.

தேர்வு

எலும்பு நொறுங்கியிருந்தாலோ, எலும்புப்புரை நோய் இருந்தாலோ பூட்டுத் தகடு பயன்மிக்கது. நல்ல எலும்பில் ஏற்பட்ட எளிய முறிவுக்கு, விலை குறைந்த அழுத்தத் தகடும் இணையான பலனைத் தருகிறது. விலை கூடிய தகடு எல்லா முறிவுக்கும் சிறந்தது என்பது தவறான கருத்தாகும். எலும்பு கூடிய பின் தொல்லை தராத தகட்டை அகற்ற வேண்டிய கட்டாயமில்லை. அகற்றினால் திருகுத் துளைகள் நிரம்பும் வரை மீண்டும் முறியும் வாய்ப்புண்டு.

தமிழ்நாட்டில்

பெரம்பலூர் மாவட்டத்தின் வேப்பந்தட்டை போன்ற ஊர்ப்புறங்களில் இருசக்கர வாகன விபத்தும், மரத்திலிருந்து விழுவதும் முன்கை முறிவுக்குக் காரணமாகின்றன. ஆந்திரப் பிரதேசத்தின் புத்தூரால் பெயர்பெற்ற புத்தூர்க் கட்டு தமிழ்நாட்டிலும் பரவலாக அறியப்பட்டதாகும். மாவுக்கட்டாயினும் மூங்கில் பத்தைக் கட்டாயினும், அளவுக்கு மீறி இறுகினால் தசைகளுக்குக் குருதி செல்வது தடைப்பட்டு, சில மணி நேரத்தில் கை நிலையாக முடங்கக்கூடும். விரல்கள் மரத்துப்போதல், நிறம் மாறுதல், விரலை நீட்டும்போது கடும் வலி ஆகியன இதன் அறிகுறிகள். அப்போது கட்டை உடனே தளர்த்தி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

சாலை விபத்தில் காயமுற்றோருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றி வழங்கும் "இன்னுயிர் காப்போம்" திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2021 திசம்பரில் தொடங்கியது.