நாற்காலியைக் காலி செய்யுங்கள்!

போன வாரம் எங்கே விட்டோம்? ஓப்பன் ஆஃபிஸ் என்ற கட்டற்ற அலுவலக மென்பொருளை வளர்த்தவர்களிடமிருந்து டாக்குமெண்ட் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு எழுந்தது. லிப்ரே ஆஃபிஸ் என்று ஒரு புதுப் பெயர் அறிவிக்கப்பட்டது. ‘நீங்களும் வந்து சேருங்கள், ஓப்பன் ஆஃபிஸ் என்ற பழைய பெயரையும் எங்களிடம் தந்துவிடுங்கள்’ என்று அதன் உரிமையாளரான ஆரக்கிள் நிறுவனத்துக்கு அழைப்புப் போனது. லிப்ரே ஆஃபிஸ் என்பதே அப்போது தற்காலிகப் பெயர்தான். பழைய பெயர் கிடைத்துவிடும் என்று அத்தனை பேரும் நம்பினார்கள்.

பதினாறாம் நாள் வேறொரு செய்தி வந்தது.

2010 அக்டோபர் 14, வியாழக்கிழமை. முந்தின நாள்தான் ஓப்பன் ஆஃபிஸின் மூல நிரல் பொதுவில் வைக்கப்பட்டுப் பத்து வருடம் நிறைந்திருந்தது. பிறந்த நாள் முடிந்த மறுநாள், அதன் சமூக அவை கூடியது.

கூடியது என்றால் மேஜை, நாற்காலி எதுவும் இல்லை. எழுத்து வழி அரட்டை அறை. பல நாட்டுக்காரர்கள் ஒரே திரையில். ஒருவர் முகம் இன்னொருவருக்குத் தெரியாது. குரலும் கேட்காது. வரி வரியாக எழுத்து மட்டும் மேலே ஏறிக்கொண்டே போகும்.

தலைமை லூயிஸ் சுவாரெஸ்-பாட்ஸ். இவரை வில்லனாக்கிவிடாதீர்கள். ஓப்பன் ஆஃபிஸுக்கு உலகம் முழுக்க ஆள் சேர்த்தவர். முகம் தெரியாத ஆயிரம் பேரை ஒரே குடும்பமாகப் பேச வைத்தவர். ஆனால் அன்றைக்கு அவருக்குச் சம்பளம் கொடுத்தது ஆரக்கிள். பத்து வருட உழைப்பு ஒரு பக்கம், சம்பளம் கொடுக்கும் கை மறுபக்கம். நடுவில் அவர்.

அவர் விஷயத்துக்கு வந்தார்.

டாக்குமெண்ட் ஃபவுண்டேஷனில் இருப்பவர்கள் இந்த அவையிலும் இருக்க முடியாது. இது நலன்களின் மோதல். வெளியே குழப்பத்தை உண்டாக்குகிறது. ஆகவே பதவி விலகுங்கள்.

சார்ல்ஸ் சூல்ஸ் அந்த அவையில் இருந்தார். பிரான்சுக்காரர். ஓப்பன் ஆஃபிஸை மொழிக்கு மொழி கொண்டுபோன குழுக்களையெல்லாம் ஒருங்கிணைத்தவர். அவருக்கும் தோழர்களுக்கும் இது எப்படி இருந்திருக்கும்? உழைத்து வளர்த்தவர்களைப் பார்த்து, எழுந்து போ என்கிறார்கள். அதுவும் அப்படிச் சொல்வது, ஏறத்தாழ ஒன்பது மாதத்துக்கு முன்னால் சன் மைக்ரோசிஸ்டம்ஸை வாங்கியபோது கூடவே இதையும் சேர்த்து வாங்கிய ஒரு நிறுவனம்.

அவர்கள் வாதாடினார்கள். நாங்கள் பிரிந்து போகவில்லை. கதவைத் திறந்து வைத்துத்தான் உங்களையும் கூப்பிடுகிறோம். அறக்கட்டளை என்பது நாங்கள் கண்டுபிடித்த விஷயமா? 2000இல் சன் நிறுவனமே கொடுத்த வாக்குதானே? பத்து வருடமாக யாரும் நிறைவேற்றவில்லை, நாங்கள் நிறைவேற்றுகிறோம்.

எதிர்த் தரப்பு அசையவில்லை.

இங்கே கொஞ்சம் நிறுத்துவோம். ஏன் இவர்கள் பொறுத்துப் போகவில்லை? ஆரக்கிள்தான் ஓப்பன் ஆஃபிஸைத் தொடர்ந்து நடத்துவோம் என்று சொல்லிக்கொண்டிருந்ததே?

காரணம், இரண்டு மாதத்துக்கு முன்னால் பக்கத்து வீட்டில் விழுந்த இழவு.

சன்னின் இன்னொரு பிள்ளை ஓப்பன் சோலாரிஸ் என்ற இயங்குதளம். அதற்கும் சமூகம் இருந்தது, ஆளும் அவை இருந்தது, தேர்தல் இருந்தது. ஆரக்கிள் வந்த பிறகு அந்த அவையின் கடிதங்களுக்குப் பதில் சொல்ல ஆள் இல்லை. ஜூலையில் அவை கெடு வைத்தது: எங்களோடு பேச ஒருவரை நியமியுங்கள், இல்லையென்றால் கலைந்துவிடுவோம். ஆகஸ்டில் கெடு முடிந்தது. யாரும் வரவில்லை. மொத்த அவையும் ராஜினாமா செய்தது. அதே மாதம்தான் ஜாவாவுக்காக கூகுள் மீது ஆரக்கிள் வழக்குப் போட்டதும்.

ஓப்பன் ஆஃபிஸ்காரர்கள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். அவை இருக்கும், தேர்தல் இருக்கும், ஓட்டும் போடலாம். ஆனால் பெயர், தளம், பதிப்புரிமை மூன்றும் முதலாளியிடம். அப்படிப்பட்ட அவை வாடகை வீட்டில் வைத்த தென்னம்பிள்ளை மாதிரி. தண்ணீர் ஊற்றியது நீங்கள், காய் யாருக்கு என்று முடிவு செய்வது வீட்டுக்காரர்.

பதிப்புரிமை விஷயம் இன்னும் கசப்பு. ஒரு தன்னார்வலர் பத்து வரி நிரல் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றாலும், முதலில் அதன் உரிமையில் நிறுவனத்துக்குப் பங்கு கொடுத்து ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். எத்தனை பேர் அந்தப் படிவத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருப்பார்கள்!

இது எங்கோ ஐரோப்பாவில் நடந்த சண்டை என்று நினைக்க வேண்டாம். அந்த மென்பொருளின் பட்டியல்களிலும் பொத்தான்களிலும் தமிழைக் கொண்டுவர ‘தமிழா!’ குழுவின் தன்னார்வலர்கள் காசு வாங்காமல் உழைத்திருக்கிறார்கள். ஐ.ஏ.எஸ். அதிகாரி உமாசங்கர், தமிழக அரசு நிறுவனமான எல்காட்டின் தலைமையில் இருந்தபோது அரசுக் கணினிகளை லினக்ஸுக்கும் ஓப்பன் ஆஃபிஸுக்கும் திருப்பினார். எங்கள் விக்கிரவாண்டிக்குப் பக்கத்தில், விழுப்புரத்தில், குனு/லினக்ஸ் பயனர் குழு ஒன்று கிராமத்துப் பிள்ளைகளுக்கு இந்தக் கட்டற்ற மென்பொருள்களைத்தான் சொல்லிக் கொடுக்கிறது. அவர்களும் பிறகு ஓர் அறக்கட்டளையாக அமைந்தார்கள். அரட்டை அறையில் அன்று முடிவானது, இந்தப் பிள்ளைகள் திறக்கும் மென்பொருள் யார் சொல்படி நடக்கும் என்பதும்தான்.

சரி, அவைக்குத் திரும்புவோம்.

சில நாள் அவகாசம் தரப்பட்டது. முடிவைச் சொல்லுங்கள்.

இரண்டு வழிகள். ஒன்று, நாற்காலியில் உட்கார்ந்தபடியே உள்ளே இருந்து போராடுவது. அதற்கும் நியாயம் உண்டு. பழைய பெயரை உலகம் அறியும். கோடிக்கணக்கானவர்கள் தரவிறக்கிய பெயர் அது. வெளியே போனால் அதை நிரந்தரமாக இழக்க வேண்டியிருக்கலாம்.

இரண்டாவது வழி, எழுந்து போவது. கையில் பணம் இல்லை. சட்டப்படி பதிவான அமைப்பும் இல்லை. புதுப் பெயரை உச்சரிக்கவே பலருக்குத் தடுமாற்றம்.

எழுந்தார்கள்.

அடுத்தடுத்த வாரங்களில் ஒவ்வொருவராக விலகினார்கள். அக்டோபர் முடிவதற்குள் பெரிய அடி விழுந்தது. ஜெர்மன் மொழிக் குழுவிலிருந்து 33 பேர் கையெழுத்திட்டு ஒரே கடிதம். ஆரக்கிள் இதை ஓர் அறக்கட்டளையிடம் ஒப்படைக்கும் என்ற நம்பிக்கை எங்களுக்குப் போய்விட்டது, நாங்கள் புது வீட்டுக்குப் போகிறோம் என்றார்கள். ஓப்பன் ஆஃபிஸ் பிறந்த மண்ணே ஜெர்மனிதான். அந்த மண்ணின் ஆட்களே கிளம்பிவிட்டார்கள்.

இப்போது வேலை செய்து காட்ட வேண்டுமே!

முதலில் படிவத்தைத் தூக்கி எறிந்தார்கள். உன் நிரல் உனக்கே சொந்தம், திறந்த உரிமத்தில் கொடு, போதும். அடுத்து, புதிதாக வருபவன் பயப்படாமல் கை வைக்க, சின்னச் சின்ன வேலைகளாகப் பிரித்துப் பட்டியல் போட்டார்கள். பழைய நிரலுக்குள் ஜெர்மன் மொழிக் குறிப்புகள் மண்டிக் கிடந்தன. அவற்றை ஆங்கிலத்துக்கு மாற்றுவதும் அந்தப் பட்டியலில் ஒரு வேலை. நிரல் எழுதத் தெரியாதவனுக்கும் இடம் உண்டு என்ற செய்தி இதிலேயே போய்ச் சேர்ந்தது. என்னைக் கேட்டால், அந்த வருடத்தின் ஆகப் பெரிய சாமர்த்தியம் இதுதான்.

2011 ஜனவரி 25. லிப்ரே ஆஃபிஸ் 3.3 வெளிவந்தது. மறுநாள் ஆரக்கிளின் ஓப்பன் ஆஃபிஸ் 3.3 வந்தது.

ஒரு நாள் முந்திவிட்டார்கள்!

ஆனால் மென்பொருள் வந்துவிட்டால் ஆயிற்றா? நாளைக்கு இன்னொரு நிறுவனம் வந்து இதையும் வாங்கிவிட்டால்? அந்தக் கேள்விதான் இவர்களைத் தூங்க விடவில்லை. பட்ட அடி அப்படி.

அதனால் விதிகளை உட்கார்ந்து எழுதினார்கள். ஒரே நிறுவனத்தின் ஆட்கள் இயக்குநர் குழுவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. பணம் கட்டி உறுப்பினர் ஆக முடியாது. மூன்று மாதமாவது உழைத்திருக்க வேண்டும், இன்னும் ஆறு மாதம் உழைக்க மனம் இருக்க வேண்டும். நிரல் எழுதுகிறவருக்கும் மொழிபெயர்க்கிறவருக்கும் ஒரே ஓட்டு.

பதிவு எங்கே? ஜெர்மனி என்று முடிவானது. அந்நாட்டுச் சட்டத்தில் அறக்கட்டளையின் நோக்கத்தை ஒருமுறை எழுதிவிட்டால், நிறுவியவர்களே நினைத்தாலும் லேசில் மாற்ற முடியாது. இவர்களுக்கு வேண்டியதும் அதுவே. நல்லவர்கள் போய்ப் பொல்லாதவர்கள் வந்தாலும் அசையாத பூட்டு.

பூட்டுக்கு விலை உண்டு. மூலதனமாக 50,000 யூரோ வேண்டும். அன்றைய கணக்கில் ஏறத்தாழ முப்பது லட்சம் ரூபாய்.

பிப்ரவரி நடுவில் பொதுமக்களிடம் கையேந்தினார்கள். மார்ச் 21 வரை கெடு. அதற்குள் சேராவிட்டால் வேறு நாடு, வேறு ஏற்பாடு. பெரிய நிறுவனங்களின் வாசலுக்கு முதலில் போகவில்லை. பயன்படுத்துபவர்களிடம் கேட்டார்கள். இது யாருக்குச் சொந்தம் என்று அவர்களே சொல்லட்டும் என்ற துணிச்சல்.

பணம் வரத் தொடங்கியது. பெரும்பாலும் சின்னத் தொகைகள். பல நாடுகளிலிருந்து, வீட்டில் உட்கார்ந்து கடிதம் தட்டுகிற, கடையில் கணக்குப் போடுகிற சாதாரண ஆட்கள் அனுப்பியவை.

எட்டே நாள்.

50,000 யூரோவும் சேர்ந்துவிட்டது. கெடுவுக்கு இன்னும் மூன்று வாரத்துக்கு மேல் இருந்தது!

ஏப்ரலில் உபுண்டு லினக்ஸின் புதிய பதிப்பு ஓப்பன் ஆஃபிஸை இறக்கிவிட்டு லிப்ரே ஆஃபிஸை ஏற்றிக்கொள்ளத் தயாரானது. ஃபெடோரா, ஓப்பன் சூசே ஆகியவற்றுக்கும் அதே முடிவு. அவையிலிருந்து எழுந்து வந்தவர்களுக்கு ஆறே மாதத்தில் இத்தனை வளர்ச்சி. பழைய வீட்டில் விளக்கு எரிந்தது, ஆனால் ஆள் நடமாட்டம் குறைந்துகொண்டே வந்தது.

அப்போதுதான் அது நடந்தது.

ஏப்ரல் 15, வெள்ளிக்கிழமை. ஆரக்கிளிடமிருந்து அறிக்கை. ஓப்பன் ஆஃபிஸின் வணிகப் பதிப்பை நிறுத்துகிறோம். திட்டத்தைச் சமூகத்தின் கையில் ஒப்படைக்கப் போகிறோம்.

இறங்கி வந்துவிட்டார்கள்! எந்தப் பெயருக்காகக் காத்திருந்தார்களோ, எந்தப் பெயரை விட்டுவிட்டு வெளியே வந்தார்களோ, அந்தப் பெயரே வாசல் தேடி வருகிறது. அறக்கட்டளைத் திட்டம் தயார். விதிகள் தயார். மூலதனம் தயார். வாங்கிக்கொள்ள இவர்களை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?

ஆனால் அறிக்கையை இரண்டாம் முறை படித்தவர்களுக்கு ஒன்று உறுத்தியது. சமூகம் என்று எழுதியிருந்தார்கள். எந்தச் சமூகம் என்று எழுதவில்லை.

ஒன்றரை மாதம் மௌனம். ஜூன் 1ஆம் தேதி ஆரக்கிள் அந்தச் சமூகத்தின் பெயரைச் சொன்னது. டாக்குமெண்ட் ஃபவுண்டேஷன் என்று சொல்லவில்லை!

பின் யாரிடம் கொடுத்தார்கள்? அதை வரவேற்று முதல் வரிசையில் வந்து நின்ற ஐ.பி.எம்.முக்கு இதில் என்ன அக்கறை?

(அடுத்த வாரம்)