பாஸ்

பல்லேபொலப் பக்கம் ஒரு கராஜில் “பாஸ் இருக்கிறாரா?” என்று கேட்டால் கடை முதலாளியைத் தேடமாட்டார்கள். போனட்டுக்குள் குனிந்து நிற்கும், கையெல்லாம் கிரீஸ் படிந்தவரைத்தான் காட்டுவார்கள். இலங்கைத் தமிழில் பாஸ் என்றால் கைத்தொழில் தேர்ந்தவர். மேசன் பாஸ், தச்சு பாஸ், கராஜ் பாஸ்.

சொல் ஒல்லாந்தருடையது. அவர்கள் மொழியில் ‘பாஸ்’ என்பது தலைமைத் தொழிலாளி, எசமான். 1658 முதல் 1796 வரை அவர்கள் ஆண்டது கரையோரத்தைத்தான். பல்லேபொல இருக்கும் மாத்தளைப் பகுதி கண்டி இராச்சியத்தில் இருந்தது. ஆட்சி ஏறாத மலைக்குச் சொல் மட்டும் ஏறிவிட்டது. சிங்களத்தில் மரியாதை சேர்த்து ‘பாஸ் உன்னெஹே’ என்பார்கள்.

ஸ்போர்ட்ஸ் கார் என்ஜினுக்கு வேறு சிலிண்டர் ஹெட் மாட்டும்போது இந்தப் பட்டத்தின் கனம் தெரியும். நேர்ச்சட்டத்தை ஹெட்டின் அடிமுகத்தில் வைத்து, பீலர் கேஜை நுழைத்து வளைவு பார்க்கவேண்டும். போல்ட் துளைகளில் எண்ணெய் தேங்கியிருந்தால் முறுக்கும் அழுத்தத்தில் பிளாக்கே வெடிக்கலாம். புதுக் கேஸ்கட்டை வைத்து, நடுவிலிருந்து வெளிப்புறமாக, டார்க் ரெஞ்சால் படிப்படியாக இறுக்குவது முறை. அவசரக்காரர் பாஸ் ஆகமாட்டார்.

அதே ஒல்லாந்தச் சொல் அமெரிக்கக் குடியேற்றம் வழியாக ஆங்கிலத்துக்குள் போய் முதலாளியானது. சென்னை இளைஞர்கள் ஒருவரையொருவர் ‘பாஸ்’ என்பது அந்த வழி வந்தது. தமிழ்நாட்டுக் கொத்தனார் ‘மேஸ்திரி’ ஆனதோ போர்த்துக்கேயர் தயவில்.