கையுறையே பந்தான கதை: சாஃப்ட்பால் கிளவுஸ் வாங்கும் முன்...

பெயர்தான் சாஃப்ட்பால். பெயரை நம்பி வெறுங்கையால் பிடிக்கப் போனால் விரல் வீங்கிவிடும்! கிரிக்கெட் பந்தின் சுற்றளவு ஏறக்குறைய 9 அங்குலம், எடை சுமார் 160 கிராம். சாஃப்ட்பாலுக்கு 12 அங்குலம், 178 முதல் 198 கிராம் வரை எடை. கிரிக்கெட்டில் பீல்டிங் செய்பவர்களில் விக்கெட் கீப்பர் மட்டுமே கிளவுஸ் அணியலாம். சாஃப்ட்பாலில் பீல்டிங் செய்யும் ஒன்பது பேருக்கும் கிளவுஸ் உண்டு. கிரிக்கெட்டிலேயே வளர்ந்த நம் ஊர் மாணவர்கள் கடையில் போய் எதை வாங்குவது என்று திணறுவதில் ஆச்சரியமில்லை. அதற்கான விடை அந்தக் கிளவுஸின் வரலாற்றிலேயே இருக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், இந்த ஆட்டம் பிறந்தபோது கிளவுஸ்தான் பந்து. 1887 நவம்பரில், நன்றி தெரிவிக்கும் நாளன்று, அமெரிக்காவின் சிகாகோ நகரில் ஃபாரகட் படகு கிளப்பில் சிலர் கூடியிருந்தனர். ஹார்வர்டு - யேல் கால்பந்துப் போட்டியின் முடிவுக்காகக் காத்திருந்தார்கள். முடிவு வந்த உற்சாகத்தில் ஒருவர் அங்கே கிடந்த பாக்ஸிங் கிளவுஸைத் தூக்கி எறிய, இன்னொருவர் அதைக் கம்பால் அடித்தார். ஜார்ஜ் ஹான்காக் என்பவர் அந்தக் கிளவுஸையே இறுக்கிக் கட்டிப் பந்தாக்கி, தரையில் சாக்பீஸால் கோடு போட்டார். ஆட்டம் தயார்! அந்தப் பெரிய பந்தைப் பிடிக்கக் கையுறை தேவைப்படவில்லை. சிகாகோவில் 16 அங்குலப் பந்தை இன்றும் வெறுங்கையால் பிடித்து ஆடுகிறார்கள். 1895ல் மினியாபொலிஸ் நகரில் லூயிஸ் ரோபர் என்ற தீயணைப்பு அதிகாரி சிறிய பந்தைக் கொண்டுவந்தார். பந்து சிறிதாக, வேகம் கூடியது. அடி வாங்கியது கை!

அண்ணன் முறையான பேஸ்பாலில் இந்தப் பிரச்சினை முன்பே வந்திருந்தது. 1870ல் சின்சினாட்டி அணியின் கேட்சர் டக் அலிசன் காயம்பட்ட கைக்காக மான் தோல் உறை அணிந்தார். 1875ல் சார்லஸ் வெயிட் என்ற வீரர் அணிந்த கிளவுஸ் ஏறக்குறைய தோலின் நிறத்திலேயே இருந்தது. காரணம் வெட்கம். கையுறை போட்டால் கோழை என்று கேலி பேசிய காலம் அது. 1877ல் புகழ்பெற்ற ஆல்பர்ட் ஸ்பால்டிங், எல்லோர் கண்ணிலும் படும்படி கறுப்பு கிளவுஸுடன் இறங்கினார். விளையாட்டுச் சாமான் கடையும் அவருக்கு இருந்தது! கேலி குறைந்தது, வியாபாரம் வளர்ந்தது.

அதுவரை கிளவுஸ் என்பது வெறும் பாதுகாப்புதான். 1920 வாக்கில் பில் டோக் என்ற பிட்சரின் யோசனைப்படி, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தோல் வாரால் பின்னிய வலை வந்தது. அன்றிலிருந்து பந்தைப் பிடிக்க வேண்டிய இடம் உள்ளங்கை அல்ல, அந்த வலையை ஒட்டிய குழி. கிரிக்கெட் பழக்கத்தில் உள்ளங்கையில் வாங்குபவர்கள் முதலில் மறக்க வேண்டியது இதைத்தான்.

இனி தோலுக்கு வருவோம். திருத்தணியில் இருந்து ராணிப்பேட்டை அதிக தூரமில்லை. அங்கிருந்து ஆம்பூர், வாணியம்பாடி வரை பாலாற்றுப் பகுதி முழுக்கத் தோல் தொழில்தான். அந்தக் காலத்தில் ஆவாரம்பட்டை போட்டு வாரக்கணக்கில் பதனிட்டார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குரோம் உப்பால் சீக்கிரம் பதனிடும் முறை சென்னைக்கு வந்தது. குரோம்பேட்டை என்ற பெயரே அங்கிருந்த குரோம் லெதர் கம்பெனியால் வந்ததுதான். குரோம் தோல் மிருதுவானது, ஈரத்தையும் ஓரளவு தாங்கும். ஆனால் அதன் கழிவு பாலாற்றைப் பாழாக்கியது. மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும் என்று 1996ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. ஒரு தோல் கிளவுஸின் உண்மையான விலை கடைச் சீட்டில் இருப்பது மட்டுமல்ல.

தைக்கும் தொழிலுக்கும் ஒரு வரலாறு உண்டு. 1947 பிரிவினையின்போது சியால்கோட்டில் இருந்து வந்த விளையாட்டுச் சாமான் தொழிலாளர்களும் வியாபாரிகளும் ஜலந்தரிலும் மீரட்டிலும் மறுபடி தொழில் தொடங்கினார்கள். இந்தியாவில் விளையாட்டுச் சாமான்கள் என்றாலே இன்றும் இந்த இரண்டு ஊர்கள்தான் நினைவுக்கு வரும். இந்திய சாஃப்ட்பால் சங்கம் 1961ல் தொடங்கப்பட்டது.

சரி, எதை வாங்குவது? முதலில் எந்தக் கை என்று பாருங்கள். எறியும் கைக்கு எதிர்க் கையில்தான் கிளவுஸ். அடுத்தது அளவு. பேஸ்பால் கிளவுஸின் குழி 9 அங்குலப் பந்துக்கானது. சாஃப்ட்பால் அதில் சரியாக உட்காராது. பேஸ்களுக்குப் பக்கத்தில் நிற்பவர்களுக்கு 12 அங்குலத்தை ஒட்டிய கிளவுஸ் போதும். பந்தைச் சட்டென்று வெளியே எடுக்க அதுவே வசதி. எல்லையில் நிற்பவர்களுக்கு 12.5 முதல் 13 அங்குலம். விரல் பிரியாத தடித்த 'மிட்' கேட்சருக்கும் முதல் பேஸில் நிற்பவருக்கும் மட்டும்தான். அடுத்து, கையில் மாட்டி மூடிப் பாருங்கள். ஒரே கையால் மூட முடியவில்லை என்றால் எவ்வளவு நல்ல தோலாக இருந்தாலும் பயனில்லை. கடைசியாக வெயில். கோடையில் தமிழ்நாட்டின் வெப்பப் பட்டியலில் அடிக்கடி இடம்பிடிக்கும் ஊர் திருத்தணி. மைதானத்து வெயிலில் போட்டு வைத்தால் தோல் காய்ந்து வெடிக்கும். அதற்காக எண்ணெயில் ஊறவைத்தாலோ கனத்துப் போகும். லேசாகத் தடவி, குழியில் ஒரு பந்தை வைத்துக் கட்டி, நிழலில் வைத்தால் போதும்.

பள்ளி, கல்லூரி அணிகளுக்கு மொத்தமாக வாங்கும்போது எல்லாம் ஒரே அளவு, எல்லாம் இடது கைக்கு என்று வாங்குவதுதான் கணக்குக்குச் சுலபம். ஆனால் இடது கையால் எறியும் மாணவனும், சிறிய கை உள்ள மாணவியும் அந்தக் கணக்கில் விடுபட்டுப் போவார்கள். பொருந்தாத கிளவுஸில் பந்து நழுவும்போது கெட்ட பெயர் கிளவுஸுக்கு வருவதில்லை, ஆடுபவருக்குத்தான் வருகிறது. 150 வருடங்களுக்கு முன்பு கையுறை போட்டவரைக் கோழை என்றார்கள். இன்று பொருந்தாத கையுறையைக் கொடுத்துவிட்டு திறமை இல்லை என்கிறார்கள். பத்து கிளவுஸ் வாங்கும் பட்டியலில் இரண்டு வலது கைக்கு, இரண்டு சிறிய கைக்கு என்று எழுத ஒரு வரி போதும்.