மன்னிப்பு முதலில் யாருடையது? கொழும்புக் கிறிஸ்தவத்தில் இனநீதிப் பணியின் வளர்ச்சி, 1958–2022

இலங்கையில் பௌத்தர்கள் ஏறத்தாழ எல்லோரும் சிங்களவர்கள், இந்துக்கள் தமிழர்கள். சிங்களவரும் தமிழரும் பெருமளவில் சேர்ந்திருக்கும் மதம் கிறிஸ்தவம் ஒன்றுதான். 2012 குடிசன மதிப்பீட்டில் கிறிஸ்தவர்கள் 7.6 சதவீதம். இதைச் சொல்லியே, இனப்பிரச்சினையில் நடுவராக நிற்கும் தகுதி தங்களுக்கு இயல்பாக உண்டு என்று திருச்சபையினர் பேசி வந்திருக்கிறார்கள். பேச்சுக்கு நன்றாக இருக்கிறது. கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தால் தெரியும்: சிங்களப் பூசை முடிந்து வெளியே வருகிறவர்களும் தமிழ்ப் பூசைக்கு உள்ளே போகிறவர்களும் வாசலில் ஒதுங்கி வழிவிடுகிறார்கள். பெரும்பாலும் அத்தோடு சரி.

இந்தப் பிரிவில் திருச்சபைக்கும் பங்குண்டு. நீர்கொழும்பு தொடங்கிப் புத்தளம் வரையான கரையோரத்துத் தமிழ்க் கத்தோலிக்கர்கள் இரண்டு தலைமுறைக்குள் சிங்களவராக மாறியதில், பாடசாலைகளின் மொழியை மாற்றிய மறைமாவட்ட முடிவுகள் பெரும்பங்கு வகித்தன. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் (1962–65) பின் இலத்தீன் போய் மக்கள் மொழி பீடத்துக்கு வந்தது. வரவேற்க வேண்டிய மாற்றம்தான். ஆனால் ஒருவருக்கும் புரியாத மொழியில் ஒன்றாக முழந்தாளிட்டவர்கள், புரிகிற மொழியில் வெவ்வேறு நேரத்தில் முழந்தாளிடத் தொடங்கினார்கள்.

ஆகவே செபத்தையும் இனநீதியையும் இணைத்த பணி பெரிய பங்குகளில் முளைக்கவில்லை. தனிச் சிங்களச் சட்டத்துக்கு இரண்டு ஆண்டுகளுக்குப் பின், தமிழர் தாக்கப்பட்ட அதே 1958இல், கிறிஸ்தவத் தொழிலாளர் தோழமை தொடங்கியது. விஜய வித்யாசாகர அதன் முன்னோடிகளில் ஒருவர். கத்தோலிக்கரும் அங்கிலிக்கன், மெதடிஸ்த சபையாரும் ஒரே அமைப்பில் கூடியதே அன்று புதுமை. மே தினத்தையொட்டி அவர்கள் நடத்திய தொழிலாளர் வழிபாடு அதைவிடப் புதுமை. அதில் சிங்களமும் தமிழும் கலந்தே ஒலித்தன. மேளம் உள்ளே வந்தது. அப்பம் பிட்கும் இடத்தில் பௌத்தத் தொழிற்சங்கத்தாரும், கடவுளே இல்லை என்ற மார்க்சியர்களும் நின்றார்கள்.

1971இல் அருட்தந்தை திஸ்ஸ பாலசூரிய அக்குவைனாஸ் பல்கலைக்கழகக் கல்லூரி அதிபர் பதவியை விட்டுவந்து, மருதானை டீன்ஸ் வீதி 281ஆம் இலக்கத்தில் சமூகத்துக்கும் சமயத்துக்குமான நிலையத்தைத் தொடங்கினார். நற்கருணையும் மானிட விடுதலையும் பற்றி 1977இல் அவர் எழுதிய நூலின் கேள்வி எளியது, சங்கடமானது: நூற்றாண்டுகளாக வாராவாரம் திருப்பலி கண்ட சமூகங்கள் ஏன் நீதியில் மாறவில்லை? 1997 ஜனவரியில் வத்திக்கான் அவரைச் சபை விலக்கம் செய்தது; மறு ஆண்டு ஜனவரியில் அது நீக்கப்பட்டது. அந்த விவகாரம் மரியாளைப் பற்றி அவர் எழுதிய நூலைச் சுற்றியது. உலகம் அவரை அதற்காகவே நினைவில் வைத்திருப்பது ஒரு வகையில் அநியாயம்.

யேசு சபை அருட்தந்தை போல் காஸ்பர்ஸ் 1972இல் கண்டியில் அமைத்த சத்யோதய என்ற நிலையம் வேறொரு வகை. சிங்களவரும் தமிழரும், வெவ்வேறு மதத்தவரும், ஒரே வீட்டில் குடியிருந்து ஒரே பானைச் சோறு உண்டு வேலை செய்தார்கள். கொழும்புக் கிறிஸ்தவர்களுக்குத் தமிழர் என்றால் யாழ்ப்பாணத்தார் என்றிருந்த காலத்தில், 1948 குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட தோட்டத் தொழிலாளரைக் காஸ்பர்ஸ் கணக்கில் எடுத்தார். பயங்கரவாதத் தடைச் சட்டம் வந்த 1979இல், இனங்களுக்கிடையே நீதிக்கும் சமத்துவத்துக்குமான இயக்கத்தின் முதல் தலைவரானதும் அவரே. ‘மேர்ஜ்’ என்று சொன்னால் தமிழ் வாசகர்களுக்குச் சட்டென்று விளங்கும்: 1990இல் ‘சரிநிகர்’ பத்திரிகையைத் தொடங்கியது இந்த இயக்கம்தான். ‘சரிநிகர்’ படித்து வளர்ந்த எத்தனை பேருக்கு அதன் பின்னால் ஒரு யேசு சபைக் குருவின் தடமும் உண்டு என்று தெரிந்திருக்கும்?

திருப்பம் 1983. ஜூலை 24 இரவு பொரளை கனத்தை மயானத்தருகே தொடங்கிய, தமிழருக்கெதிரான வெறியாட்டம் மறுநாள் வெள்ளவத்தையை எரித்தது. வெலிக்கடைச் சிறையில் ஜூலை 25, 27 ஆகிய இரு நாட்களில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டார்கள். குருநாகல் அங்கிலிக்கன் பேராயர் லக்ஷ்மன் விக்கிரமசிங்க அப்போது நாட்டில் இல்லை. திரும்பி வந்ததும், இதய நோயோடு, யாழ்ப்பாணம்வரை போய்ப் பாதிக்கப்பட்டவர்களைச் சந்தித்தார். பிறகு தன் மறைமாவட்டச் சபைக்கு ஆற்றிய உரையில், பாதுகாப்பற்ற தமிழர்மீது நடத்தப்பட்டதை எந்த அறத்தாலும் நியாயப்படுத்த முடியாது, சிங்களவர்கள் வெட்கத்தை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றார். பேசியவர் சிங்களவர், அன்றைய ஐக்கிய தேசியக் கட்சி அமைச்சர் ரணில் விக்கிரமசிங்கவின் சித்தப்பா. அந்த ஆண்டு அக்டோபர் 23ஆம் திகதி அவர் காலமானார்.

இந்த உரையின் கனம் அதன் வரிசையில் இருக்கிறது. அதுவரை கொழும்புப் பிரசங்க மேடைகளில் ‘இரு தரப்பும் மன்னிக்க வேண்டும்’ என்பதே வாடிக்கை. வீடு எரிந்தவனும் எரித்தவனும் அதில் ஒரே தட்டில் நிற்பார்கள். பேராயர் முதலில் பாவ அறிக்கையைத் தன் இனத்தின் வாயில் வைத்தார்; ஒப்புரவு அதற்குப் பிறகு. நீதியில்லாத ஒப்புரவு கிறிஸ்தவமாகாது என்று தென்னாபிரிக்க இறையியலாளர்கள் கைரோஸ் ஆவணத்தில் எழுதியது 1985இல். இங்கே அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே அது சொல்லப்பட்டுவிட்டது. உலகக் கவனம்தான் கிடைக்கவில்லை.

சொன்னது பரவியதா? அரிதாகவே. ஆங்கிலம் தெரிந்த குருக்கள், தொழிற்சங்கத்தார், பல்கலைக்கழகத்தார் என்று வட்டம் சிறிதாகவே இருந்தது. இதற்கிடையில் போர் கொழும்புக்கும் வந்தது: 1995 அக்டோபர் 20 அன்று கொலன்னாவை எண்ணெய்க் குதங்கள் விடுதலைப் புலிகளின் தாக்குதலில் எரிந்தன. அந்த ஆண்டுகளில் கொட்டாஞ்சேனை லொட்ஜ்களில் தங்கியிருந்த தமிழ் இளைஞர்களுக்கு அடையாள அட்டைச் சோதனை அன்றாடமாயிற்று. 2007 ஜூன் 7 அதிகாலை லொட்ஜ்களிலிருந்த தமிழர்கள் பஸ்களில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பப்பட்டார்கள்; மறுநாள் அதைத் தடுத்தது உயர் நீதிமன்றம்.

2011 ஜனவரியில் மன்னார் ஆயர் இராயப்பு யோசப், நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் அரசாங்கத்தின் புள்ளிவிவரங்களையே வைத்து, போரின் இறுதிக் கட்டத்தில் வன்னியில் 146,679 பேருக்கு என்ன ஆயிற்று என்று கேட்டார். அடுத்த ஆண்டு ஐ.நா. மனித உரிமைப் பேரவையில் இலங்கை பற்றிய ஜெனீவாத் தீர்மானம் வந்தபோது கொழும்புப் பேராயர் கர்தினால் மல்கம் ரஞ்சித் அதை வெளித் தலையீடு என்று எதிர்த்தார். 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்தில் நடந்த குண்டுத் தாக்குதலில் சிங்களவரும் தமிழரும் ஒன்றாக மடிந்தார்கள். 2022 மார்ச்சில் அதே கர்தினால் ஜெனீவாவுக்குப் போய், மனித உரிமைப் பேரவையில் அந்தத் தாக்குதலுக்கு உண்மையும் நீதியும் கேட்டார். அவருடைய கோரிக்கை முற்றிலும் நியாயமானது. அதை முன்கூட்டியே கேட்ட முன்னாள் மன்னார் ஆயர் 2021 ஏப்ரல் 1ஆம் திகதி இறந்துவிட்டார்; அவர் கொடுத்த எண்ணிக்கைக்கு அரசு இன்னும் கணக்குச் சொல்லவில்லை.