கோயில் சாவி யாரிடம்? கெடாத் தோட்டங்களில் பகுத்தறிவு நடந்த வழி

கெடாத் தோட்டங்களில் கடவுள் உண்டா இல்லையா என்ற வாதம் பிறகுதான் வந்தது. அதற்கு முன்பே லயத்து வாசல்களில் ஒரு கேள்வி முணுமுணுப்பாக இருந்தது: கோயில் சாவி யாரிடம்? மலாயாவில் தமிழர் பகுத்தறிவு இயக்கத்தை எழுதுபவர்கள் சிங்கப்பூர்ப் பத்திரிகைகளிலும் ஈப்போ மாநாட்டிலும் தொடங்குவார்கள். அது தவறில்லை. ஆனால் பால்மரக் காட்டுக்குள் அந்தச் சிந்தனை என்ன உருவெடுத்தது என்று பார்க்க, இந்தச் சாவிக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போவதே நல்லது.

தோட்டத்து மாரியம்மன் கோயில் நின்றது கம்பெனி நிலத்தில். செங்கல்லுக்கும் கூரைத் தகரத்துக்கும் நிர்வாகத்தின் தயவு வேண்டும். திருவிழாவுக்கு விடுமுறை விடுவதும் சாமி ஊர்வலத்துக்கு லாரி தருவதும் பெரிய துரையின் கையில். கோயில் சந்தா பல தோட்டங்களில் தொழிலாளி கையில் காசு விழுவதற்கு முன்பே சம்பளக் கணக்கில் கழிந்துவிடும். விழா நாளில் துரைக்கு மாலை, நாற்காலி, முதல் மரியாதை. அடுத்தது கணக்கெழுதும் கிராணிக்கும் பெரிய கங்காணிக்கும். விடியற்காலை ஆள்கணக்கெடுப்பான பெரட்டில் பெயர் கூப்பிட்டவர்தான் இரவில் விபூதித் தட்டை முதலில் தொடுகிறவர். லயத்தில் பறையர், பள்ளர் வீடுகள் தனி வரிசை. அந்த வரிசை கோயில் வாசல்வரை நீண்டு அங்கேயே நின்றுவிடும். முனியாண்டிக்கும் மதுரை வீரனுக்கும் தோட்டத்து ஓரத்தில் ஒரு மரத்தடி.

கங்காணி தன் ஊரிலிருந்தும் தன் உறவிலிருந்தும் ஆள் கட்டி வந்தவர். கடனும் சாதியும் சாமியும் ஒரே கப்பலில் அவரோடு வந்தன. 1938இல் இந்திய அரசு உதவிபெற்ற தொழிலாளர் குடியேற்றத்தை நிறுத்தியபோது புதிய ஆள் வரத்து நின்றது. அவர் கொண்டுவந்த ஒழுங்கு நிற்கவில்லை.

இதில் கெடாவுக்கென்று ஒரு தனித்தன்மை உண்டு. மூடா ஆற்றுக்குத் தெற்கே பினாங்கு நீரிணைக் குடியேற்றத்தில் இருந்தது. அங்கே 1905ஆம் ஆண்டு முகமதிய, இந்து அறக்கட்டளைச் சட்டத்தின்கீழ் அரசு வாரியம் ஒன்று கோயில் சொத்துகளை மேற்பார்த்தது. ஆற்றைத் தாண்டினால் சுல்தானின் நாடு. 1909இல் சயாமிடமிருந்து பிரிட்டனின் ஆதிக்கத்துக்கு மாறிய கெடாவில், ஆங்கில ஆலோசகர் எல்லாவற்றிலும் ஆலோசனை சொல்லலாம். மலாய் வழக்கத்திலும் இஸ்லாமியச் சமயத்திலும் மட்டும் கூடாது என்பது ஏற்பாடு. ஆக, சமயம் என்றால் அரசின் கண்ணில் அது சுல்தானின் சமயம். தோட்டத்துத் தமிழனின் மாரியம்மன் ஆலோசகரின் இலாகாவிலும் இல்லை, அரண்மனையின் இலாகாவிலும் இல்லை. யாருக்கும் சொந்தமில்லாத அந்தத் தெய்வம் தோட்ட அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ரப்பர் பால் கணக்கோடு சாமி கணக்கும் ஒரே மேசையில் எழுதப்பட்டதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

அச்சம்தான் மூடநம்பிக்கையின் தாய், அந்த அச்சத்தை ஆள்வோர் தங்கள் வசதிக்கு வளர்க்கிறார்கள் என்று 1670இல் ஆம்ஸ்டர்டாமில் ஸ்பினோசா பெயர் போடாமல் வெளியிட்ட நூலில் வாதிட்டார். தமிழில் இந்த வகை வாதம் பெரியாருக்கு முன்பே உண்டு. 1882 முதல் 1888 வரை சென்னையில் வந்த 'தத்துவவிவேசினி' சாதியையும் புராணத்தையும் குருக்களின் வருமானத்தையும் வாரந்தோறும் விசாரித்தது. 1925இல் 'குடி அரசு' அதைத் தெருவுக்குக் கொண்டுவந்தது. பகத்சிங் தன் நாத்திகம் பற்றி எழுதிய கட்டுரையை ஜீவானந்தம் தமிழாக்க, பெரியாரின் அச்சகம் வெளியிட, வழக்கும் சிறையும் பின்தொடர்ந்தன. கடவுளைத் தொட்டால் சர்க்கார் வந்து நிற்கும் என்பதைச் சென்னை மாகாணம் அப்படித் தெரிந்துகொண்டது.

1929 டிசம்பரில் பெரியாரும் நாகம்மையாரும் பினாங்கில் கப்பல் இறங்கினார்கள். அவரைக் கரையேற விடக்கூடாது என்று வைதீகத் தரப்பு முயன்று பார்த்தது, பலிக்கவில்லை. ஈப்போவில் தமிழர் மாநாடு, பிறகு சிங்கப்பூர்வரை கூட்டங்கள். இந்தப் பயணம் விட்டுச்சென்றவை ஆட்களும் அமைப்புகளும்: 1932இல் சிங்கப்பூரில் தமிழர் சீர்திருத்தச் சங்கம், 1935இல் கோ. சாரங்கபாணியின் 'தமிழ் முரசு'. காவடி, தீமிதி, ஆடு வெட்டு, சாதிப் பெயர், சடங்குச் செலவு என்று முரசு ஒவ்வொன்றாக எடுத்துப் பேசியது. தோட்டத்தில் ஒரு பத்திரிகை ஒருவர் வாசிக்கப் பத்துப்பேர் கேட்பது. வாசிப்பவர் பெரும்பாலும் தமிழ்ப்பள்ளி ஆசிரியர். அவருக்குச் சம்பளம் கொடுத்ததும் அதே தோட்ட நிர்வாகம் என்பதால் குரலைக் கொஞ்சம் தணித்துத்தான் வாசித்திருக்க வேண்டும்.

நிலைமையை உடைத்தது போர். 1941 டிசம்பரில் ஜித்ராவில் பிரிட்டிஷ் படை சிதறியது. துரைமார்கள் காரில் தெற்கே ஓடியதைக் கெடாத் தோட்டத்துச் சனங்கள் தங்கள் கண்ணால் பார்த்தார்கள். பிறகு பசி, மரவள்ளிக்கிழங்கு, சயாம் மரண ரயிலுக்கு ஆள்பிடிப்பு. இன்னொரு பக்கம் இந்திய தேசிய ராணுவம்: வரிசையில் நிற்கவும் சீருடை போடவும் மேடையேறிப் பேசவும் கற்றுக்கொண்ட இளைஞர்கள். இதுவரை கங்காணியின் பெரட்டில் மட்டுமே வரிசை கட்டியவர்கள் இவர்கள்.

1945க்குப் பின் இந்த இளைஞர்களிடமிருந்துதான் தொண்டர் படை எழுந்தது. பீடோங்கை அடுத்த ஹார்வார்ட் தோட்டம் அதன் மையம், ஏ. எம். சாமி அதன் தலைவர். படையின் வேலைத்திட்டம் எளிமையானது: கள்ளை நிறுத்து, சாதியை விடு, காசைச் சேர், ஒன்றாக நில். தோட்டத் தொழிலாளர் சங்கமும் படையும் கைகோத்து நடந்தன. பெண்களும் மறியலுக்கு வந்தார்கள். சம்பள நாளில் கள்ளுக்கடை யாருடைய சட்டியைக் காலி செய்கிறது என்பது அவர்களுக்குத்தானே முதலில் தெரியும்?

கள்ளுக்கடை வெறும் குடிக்கிற இடமாக இருக்கவில்லை. மலாயாவின் பல தோட்டங்களில் கடையின் இலாபம் தொழிலாளர் நலன் என்ற பெயரில் ஒரு நிதிக்குப் போய், அதிலிருந்து விளையாட்டுக்கும் திருவிழாவுக்கும் பணம் திரும்பி வந்தது. தொழிலாளி குடித்த காசில் அவன் சாமிக்கே அலங்காரம். கூலி, கள், கோயில் மூன்றும் ஒரே வட்டத்தில் சுற்றி அலுவலகத்தில் வந்து முடியும். கள்ளுக்கடை வாசலில் நின்ற மறியல்காரர் அந்த வட்டத்தை ஓரிடத்தில் வெட்டினார். அரசுக்கும் தோட்ட முதலாளிகளுக்கும் இது மதுவிலக்குப் பிரசாரமாகத் தெரியாமல் ஆட்சிக்கு விடப்பட்ட சவாலாகத் தெரிந்ததில் வியப்பில்லை. அவர்கள் கணக்கு சரிதான்.

1947 பிப்ரவரி 28 அன்று பீடோங்கில் கள்ளுக்கடை மறியல் கூட்டத்தின்மீது போலீஸ் பாய்ந்தது. காயம்பட்ட தொழிலாளி ஒருவர் இறந்தார். மார்ச் தொடக்கத்தில் புக்கிட் செம்பிலான் தோட்டத்தில் மோதல். அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் சிறைக்குப் போனார்கள். ஏப்ரலில் கூலிம் வட்டாரத்து டப்ளின் தோட்டத்தில் போலீஸ் சுட்டதில் இன்னொரு தொழிலாளி உயிரிழந்தார். இரண்டே மாதம். 1948 ஜூனில் அவசரகாலம் வந்தது. தீவிரத் தொழிற்சங்கங்கள் கலைந்தன. தொண்டர் படையின் சுவடும் அழிந்தது.

தொண்டர் படையைப் பகுத்தறிவு இயக்கத்தின் கணக்கில் எழுதலாமா என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. படையில் நாத்திகப் பிரசாரம் இருந்ததாகச் சொல்ல முடியாது. காந்தியும் போசும் அவர்களுக்குப் பெரியவர்கள். கோயிலுக்குப் போகிறவர்கள்தான் பெரும்பாலோர். இருந்தும் என் பதில், எழுதலாம் என்பதே. விதி என்று சொல்லிக் கொடுத்ததை மனிதர் செய்த ஏற்பாடு என்று கண்டுகொள்வதில்தான் பகுத்தறிவு தொடங்குகிறது. கெடாத் தோட்டத்தில் அந்தக் கண்டுபிடிப்பு மேடைப் பேச்சில் நடந்ததைவிடக் கள்ளுக்கடை வாசலில் கூடுதலாக நடந்தது. மலாயா திராவிடர் கழகம் அதே ஆண்டுகளில்தான் வளர்ந்தது. இரண்டு நீரோட்டமும் எங்கெங்கே கலந்தன என்று கோடு போட்டுப் பிரிப்பது வீண் வேலை.

1954 டிசம்பரில், ரங்கூன் பௌத்த மாநாட்டுக்குப் பிறகு, பெரியார் மணியம்மையாரோடு மீண்டும் மலாயா வந்தார். அவசரகாலம் நடப்பில் இருந்தது. சங்கம் பேச முடியாத காலத்தில் சீர்திருத்தம் பேசலாம்: பிள்ளைகளைப் படிக்க வை, சடங்குக்குக் கடன் வாங்காதே, சாதி பாராமல் கல்யாணம் செய். இங்கேதான் இயக்கம் மெல்ல இடம் மாறியது. முதலாளியையும் கள்ளையும் எதிர்த்த கேள்வி வீட்டுக்குள் வந்து, பெயரிலும் திருமணத்திலும் தங்கியது. கெடாத் தோட்டங்களிலும் சுங்கைப்பட்டாணி, லூனாஸ் பக்கங்களிலும் அறிவழகன், தமிழ்ச்செல்வி என்ற பெயர்கள் பெருகியது அந்தத் தலைமுறையில்.

சுதந்திர நாட்டில் கேள்வி வேறு வடிவத்தில் திரும்பியது. 1969 மே 13 கலவரத்தின் பின், 1970 ஆகஸ்டு 31 அன்று அறிவிக்கப்பட்ட நாட்டுக் கொள்கையான ருக்குன் நெகாராவின் ஐந்து கோட்பாடுகளில் முதலாவது இறைநம்பிக்கை. மாமன்னருக்கும் நாட்டுக்கும் விசுவாசம் அதற்கு அடுத்தது. பள்ளிப் பயிற்சிப் புத்தகத்தின் பின்னட்டையில் அது அச்சாகியிருக்கும். காலைச் சபைகூடலில் பிள்ளைகள் கையுயர்த்திச் சொல்வார்கள். ஐயர் இல்லாமல், தாலி இல்லாமல் மாலை மாற்றிக்கொண்ட தம்பதியின் பிள்ளையும் அந்தப் புத்தகத்தில்தான் வாய்ப்பாடு எழுதியது. முன்பு தோட்ட அலுவலகம் கடவுளுக்கு இடம் ஒதுக்கியது. இப்போது நாடே குடிமைக்கான முதல் நிபந்தனையாக அவரை வைத்துவிட்டது.

1976ஆம் ஆண்டுச் சட்டச் சீர்திருத்த (திருமண, மணவிலக்கு) சட்டம் 1982 மார்ச் முதல் நாள் நடப்புக்கு வந்தது. முஸ்லிம் அல்லாதார் திருமணங்களுக்குப் பதிவு கட்டாயமானது; ஒருவனுக்கு ஒருத்தி என்பதும் சட்டமானது. சுயமரியாதைக்காரர்கள் அரை நூற்றாண்டாகக் கேட்டதில் பாதி கிடைத்தது. ஆனால் அந்தச் சட்டமே கோயில் பொறுப்பாளரைத் துணைப் பதிவாளராக்கவும் வழி வைத்தது. தோட்டத்தில் பரிவட்டம் கட்டியவரின் பேரன் இப்போது அரசு முத்திரை குத்தலாம்.

2017 ஆகஸ்டில் கோலாலம்பூரில் நாத்திகர் சிலர் சந்தித்த படம் இணையத்தில் பரவியபோது அரசு விசாரணை என்றது. அந்த நவம்பரில் துணையமைச்சர் ஒருவர், நாத்திகம் நாட்டின் அரசமைப்புக்கும் ருக்குன் நெகாராவுக்கும் முரண் என்று நாடாளுமன்றத்தில் சொன்னார். சமயச் சுதந்திரம் பேசும் 11ஆவது பிரிவு இல்லாத நம்பிக்கையையும் காக்குமா என்ற கேள்வி அந்த விவாதத்தில் எழுந்து அப்படியே நிற்கிறது.

தமிழ்ப் பகுத்தறிவாளருக்கு இதில் ஒரு சங்கடம் உண்டு. 2021 ஜனவரியில் கெடா மாநில அரசு, பெருந்தொற்றுக் கட்டுப்பாட்டைக் காரணம் காட்டி, அவ்வாண்டுத் தைப்பூச விடுமுறையை ரத்துசெய்தது. காவடியை விட்டொழி என்று தொண்ணூறு ஆண்டுகளாகப் பேசிய மரபில் வந்தவர் அந்த அறிவிப்பைக் கேட்டு மகிழ முடியுமா? முடியாது. கொடுத்த கை எடுத்துக்கொள்ளவும் முடியும் என்பதையே அந்த விடுமுறை காட்டியது. அதற்கு முந்தைய ஆண்டு அலோர் ஸ்டார் மதுரை வீரன் கோயில் இடிக்கப்பட்டபோதும் இதே நிலைதான். தோட்டத்து ஓரத்து மரத்தடித் தெய்வத்துக்கு நிலப்பட்டா கிடையாது. மரத்தடியில் அதை உட்காரவைத்த சாதி ஒழுங்கே பின்னாளில் அதைச் சட்டத்துக்கு வெளியிலும் நிறுத்தியது.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு, விற்கப்பட்டு, செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதியாகவும் மாறின. சனங்கள் சுங்கைப்பட்டாணிக்கும் கூலிமுக்கும் வந்தார்கள். சாமியும் வந்தது, சில இடங்களில் லாரியில். இன்று கோயில் 1966ஆம் ஆண்டுச் சங்கச் சட்டத்தின்கீழ் பதிவான ஓர் அமைப்பு. துரை இல்லை, கிராணி இல்லை, கங்காணி இல்லை. ஆண்டுப் பொதுக்கூட்டம் உண்டு, கணக்கறிக்கை உண்டு, கை தூக்கி ஓட்டுப் போடுவது உண்டு. தலைவர் தரப்பு ஒன்று, எதிர்த்தரப்பு ஒன்று. சண்டை முற்றினால் போலீஸ் புகார், நீதிமன்றம். அப்படிப்பட்ட கோயிலின் இரும்புக் கதவில் சங்கிலி ஒன்றுதான் இருக்கும், பூட்டு இரண்டு தொங்கும்.