அம்பாசடர் விட்ட நீலப்புகை

எங்க வீட்டுப் பழைய அம்பாசடர் காலையில ஸ்டார்ட் பண்ணினதும் குப்புன்னு நீலப்புகை விடும். கொஞ்ச நேரத்துல தெளிஞ்சுடும். "ரிங் போச்சு" என்றார் ஒரு மெக்கானிக். அப்பா கறவை மாட்டை வித்து ரிங் மாத்தினார். புகை நிக்கல.

மோரிஸ் ஆக்ஸ்போர்டு காரை ஒட்டி மேற்கு வங்கத்து உத்தரபாராவில் 1950களின் கடைசியில் தொடங்கி 2014 வரை தயாரான வண்டி இது. ஆரம்பத்தில் வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கத்தில் இருந்தன. 1959ல் வந்த 1489 சிசி இன்ஜினில் மேலே ஏறின. இழுவை கூடிச்சு. ஆனா வால்வு ஏறி இறங்குற குழலான கைடு வருஷக்கணக்கில் ஓடித் தேஞ்சா, மேலே இருக்குற ஆயில் ராத்திரியில உள்ளே இறங்கிடும்.

இதைக் கண்டுபிடிச்சவர் பக்கத்து ஊர் பெரியவர் ஒருத்தர். இறக்கத்துல ஆக்சிலரேட்டரை விட்டு, கியரிலேயே உருட்டி, மறுபடி மிதிச்சார். நீலப்புகை! "ஏத்தத்துல பாரத்தோட விடாம புகைஞ்சாத்தான் ரிங், தம்பி" என்றார். ஹெட்டைக் கழற்றி வால்வை ஆட்டினார், பக்கவாட்டில் ஆடியது. எட்டு கைடும் மாத்தினதும் புகை நின்னுச்சு.

மாடுதான் திரும்பல. பழைய வண்டி வச்சிருக்கிறவங்க, இன்ஜினை இறக்கறதுக்கு முன்னாடி ஒரு இறக்கத்துல உருட்டிப் பாருங்க.